மெத்தை இருக்கை வாங்குமுன்

சைக்கிள் ஓட்டினால் உட்காரும் இடம் வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். இரண்டு பதில்களில் ஒன்று கட்டாயம் கிடைக்கும். "நல்ல மெத்தை வைத்த இருக்கையாகப் பார்த்து வாங்கிப் போடு" என்பது ஒன்று. "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும்" என்பது மற்றொன்று. முதல் பதிலைப் பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ சொல்வார்கள். இரண்டாவதை, உங்களைவிட ஓராண்டு முன்னதாக ஓட்டத் தொடங்கிய பள்ளித் தோழர் சொல்வார். இரண்டும் அக்கறையோடு சொல்லப்படுபவைதாம். ஆனால், எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எத்தனை நிமிடத்துக்குப் பிறகு வலிக்கிறது என்று இருவருமே கேட்பதில்லை.

காட்டுப் பாதையிலும் மேடுபள்ளங்களிலும் மலைச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணமே உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். சனிக்கிழமை காலையில் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் இரண்டு சுற்று, பள்ளி விடுமுறையில் சாங்கியிலிருந்து படகேறிப் புலாவ் உபினுக்குப் போய்க் கெத்தாம் பாதையில் ஒரு நாள், அவ்வளவுதான். அந்த அளவுக்கு ஓட்டுபவர்கள்தாம் வசதியைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. போட்டியாளருக்குப் பயிற்றுநர் இருப்பார், சைக்கிளை அளந்து சரிசெய்து கொடுக்க ஆள் இருக்கும். நமக்கு அப்படி யாரும் இல்லை. வலித்தால் நிறுத்திவிடுவோம். வீவக வீடுகளின் தாழ்வாரங்களில் டயரில் காற்றில்லாமல் தூசி படிந்து நிற்கும் சைக்கிள்களில் பாதி இப்படி நின்றுபோனவை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எல்லா வலியும் ஒன்றில்லை. மேட்டில் ஏறும்போது தொடைத் தசைகள் எரிவதுபோல் இருக்கும். ஏறி முடித்து ஓரிரு நிமிடங்களில் அது அடங்கிவிடும். புதிதாக நீண்ட தூரம் ஓட்டிய மறுநாள், அதற்கடுத்த நாள், கால்கள் கனத்துப் படி இறங்கச் சிரமமாக இருக்கும். இவை உழைத்த தசையின் அடையாளங்கள், இவற்றுக்குப் பழகிக்கொள்ளலாம். ஆனால் விரல்கள் மரத்துப்போவது வேறு. முழங்காலில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் குத்துவது வேறு. தொடைகளுக்கு நடுவிலுள்ள மென்மையான பகுதியில் உணர்வே இல்லாமல் போவது முற்றிலும் வேறு. அது நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்குகின்றன என்பதற்கான அறிவிப்பு. இதற்குப் பழகிக்கொள்ளச் சொல்வது, புகை எச்சரிக்கைக் கருவி அலறும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வதற்குச் சமம்.

இப்போது மெத்தை இருக்கைக்கு வருவோம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கைகளைப் பின்புறத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியான இவற்றை உட்காரும் எலும்புகள் என்று வைத்துக்கொள்வோம். உடலின் எடையைத் தாங்கவே அமைந்த இடம் அது. இருக்கை கெட்டியாகவும் போதிய அகலத்துடனும் இருந்தால், எடை இந்த இரண்டு முனைகளின் வழியாக இறங்கும். இருக்கை மிகவும் மென்மையாக இருந்தால் என்ன ஆகும்? எலும்புகள் மெத்தைக்குள் புதையும். புதைந்த இடத்திலிருந்து விலகும் மெத்தை நடுவில் மேலெழும்பி, எடையைத் தாங்கக் கூடாத மென்மையான பகுதியை அழுத்தும். அங்கேதான் புடெண்டல் நரம்பும் அதையொட்டிய இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும்போது சுகமாகத் தெரிந்த அதே இருக்கை, 40 நிமிடம் கழித்து உணர்வைப் பறிக்கிறது. கால் மணி நேரம் சந்தைக்குப் போய்வர மெத்தை இருக்கை நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. காட்டுப் பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு அது உதவாது.

அழுத்தம் என்றால் விசையைப் பரப்பளவால் வகுப்பது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதனால்தான் "மெத்தை இருந்தால் பரப்பளவு கூடும், அழுத்தம் குறையும், பிறகென்ன?" என்று கேட்கத் தோன்றும். கணக்கு சரிதான். ஆனால் உடல் ஒரே சீரான கட்டை இல்லை. ஓர் இடம் தாங்கும் அழுத்தத்தை இன்னோர் இடம் தாங்காது. மொத்த அழுத்தம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டிலேயே இதை அளக்கலாம். நெளிவு அட்டைப்பெட்டியின் ஒரு துண்டைப் படிக்கட்டில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். இருக்கை வாங்க நேர்ந்தால் கடையில் சொல்ல வேண்டிய முதல் எண் அதுதான். உயரமானவருக்கு அகலமான இருக்கை என்றோ, ஒல்லியானவருக்குக் குறுகலானது என்றோ கணிக்க முடியாது. எலும்புகளின் இடைவெளிக்கும் வெளித்தோற்றத்துக்கும் அவ்வளவு நேரடித் தொடர்பு கிடையாது.

எனக்குத் தெரிந்த உயர்நிலை மூன்று மாணவர் ஒருவரின் கதை இன்னும் சுவாரசியமானது. அவருக்கு இருக்கையில் வலி. யாரோ சொன்னார்கள் என்று இருக்கையின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். வலி குறைந்தது. இரண்டு வாரத்தில் வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. ஜெல் வைத்த கையுறை வாங்கினார், பயனில்லை. பிறகு கைப்பிடியின் உறையை மாற்றினார், அதிலும் பயனில்லை. நடந்தது என்னவென்றால், சாய்ந்த இருக்கையில் அவர் உடல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கியது. வழுக்காமல் இருக்கக் கைகளை ஊன்றினார். எடை உள்ளங்கைக்குப் போனது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு அங்கே நசுங்கியது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்வைக் கொண்டுசெல்வது இந்த நரம்புதான். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வருவதால் மருத்துவத்தில் இதற்குக் "கைப்பிடி வாதம்" என்று பொருள்படும் பெயரே உண்டு. கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை இருக்கையின் மேல் வைத்து, அதைக் கிட்டத்தட்டச் சமமாக்கியதும் கை சரியானது. செலவு ஒரு வெள்ளிகூட இல்லை. வலித்த இடம் கை, காரணம் இருந்த இடம் இருக்கை. கையுறை வாங்கிய பணம் போனது போனதுதான்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். போட்டியாளர்கள் பலகைபோன்ற மெலிந்த இருக்கையில் மணிக்கணக்கில் ஓட்டுகிறார்களே, அவர்களுக்கு வலிக்காதா? இதற்குப் பதில் நியூட்டனின் மூன்றாம் விதியில் இருக்கிறது. நீங்கள் பெடலைக் கீழே எவ்வளவு விசையோடு மிதிக்கிறீர்களோ, அதே விசையோடு பெடல் உங்களை மேலே தள்ளுகிறது. அந்த அளவுக்கு இருக்கையின்மேல் விழும் எடை குறைகிறது. வலுவாக, இடைவிடாமல் மிதிப்பவர் இருக்கையில் பாதிதான் உட்கார்ந்திருக்கிறார். மீதியைக் கால்கள் சுமக்கின்றன. புதிதாக ஓட்டுபவர் மெதுவாக மிதிக்கிறார், களைத்ததும் மிதிப்பதை நிறுத்தி மூட்டைபோல் உட்கார்ந்துவிடுகிறார். முழு எடையும் இருக்கையில். ஆகவே ஒரே இருக்கை ஒருவருக்குச் சுகமாகவும் இன்னொருவருக்குத் தண்டனையாகவும் இருக்க முடியும். வசதியின் ஒரு பகுதியைத் திருகாணி முடுக்கிப் பெறலாம். இன்னொரு பகுதியைப் பயிற்சி செய்துதான் பெற முடியும்.

பயிற்சி என்றதும் மூச்சிரைக்க ஏறுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலான ஓட்டம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். இந்தப் பேச்சுச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இப்படி நிதானமாக ஓட்டும்போதுதான் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, உயிரணுக்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. மாதத்தில் ஒருநாள் நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பதைவிட, வாரத்துக்கு மூன்று முறை 40 நிமிடம் ஓட்டுவது மேல். கூடவே வயிற்றுத் தசைகளுக்கும் முதுகுத் தசைகளுக்கும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் கொடுங்கள். முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தும் பயிற்சியே போதும். உடலின் நடுப்பகுதி களைத்துவிட்டால் தோள்கள் சரிந்து எடை கைகளுக்கு வரும், சுண்டுவிரல் மறுபடியும் மரக்கும்.

நம் ஊரின் வெப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. மனிதத் தசை, செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது, மீதி வெப்பம். பெடலில் 100 வாட் வேண்டுமென்றால் உடலில் சுமார் 300 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் தேவை. கணக்குப் போட்டால் மணிக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான வியர்வை ஆவியானால் அந்த வெப்பம் போய்விடும். ஆனால் சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். காட்டுக்குள் காற்றோட்டமும் குறைவு. வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. உடல் வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தேர்வு முடிந்த மறுநாளே புக்கிட் தீமா பாதையில் வேகம் காட்டுவது நல்ல யோசனை இல்லை. தடித்த தையல் உள்ள பருத்தி உள்ளாடை வியர்வையில் ஊறித் தோலை உரசும் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். இருக்கை வலி என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு உண்மையில் இந்த உரசல்தான்.

அடுத்து இருக்கையின் உயரம். சுவரோரம் வெறுங்காலில் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையில் மேலே இழுத்துப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உங்கள் உட்கால் அளவு கிடைக்கும். 1967ஆம் ஆண்டில் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, பெடல் மிகக் கீழே இருக்கும்போது அதன் அச்சிலிருந்து இருக்கை வரையிலான தூரம் உட்கால் அளவில் 109 விழுக்காடாக இருக்க வேண்டும். மூன்று முறை பிரான்ஸ் சுற்றுப் போட்டியை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் இன்னொரு வழி, உட்கால் அளவை 0.883ஆல் பெருக்கி, பெடல் தண்டுகள் சுழலும் மையத்திலிருந்து அளக்கச் சொல்கிறது. உட்கால் அளவு 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் போட்டுப் பாருங்கள். முதல் வழியில் 81.75 சென்டிமீட்டர். இரண்டாவதில் 66.2, அதோடு பெடல் தண்டின் நீளமான 17 சென்டிமீட்டரைச் சேர்த்தால் 83.2. இரண்டு புகழ்பெற்ற சூத்திரங்களுக்கு இடையில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம்! முழங்காலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சிறிய விஷயம் இல்லை.

எனக்கு இந்த முரண்பாடு பிடித்திருக்கிறது. சூத்திரம் என்பது பலருடைய உடல்களைக் கூட்டிச் சுருக்கிய ஒரு தொடக்கப் புள்ளி. உங்கள் கால், உங்கள் காலணியின் தடிமன், உங்கள் பாதத்தின் நீளம் எதுவும் அதற்குத் தெரியாது. குறைவான எண்ணிலிருந்து தொடங்குங்கள். யாரையாவது சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் முழங்கால் நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வு. பின்புறம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ உயரம் அதிகம். ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்ற வேண்டாம்.

இதெல்லாம் ஏறும்போதும் சமதளத்திலும். கரடுமுரடான இறக்கத்தில் இருக்கையைப் பற்றிய பேச்சே இல்லை, ஏனென்றால் அங்கே நீங்கள் உட்காரக் கூடாது. இருக்கையைத் தாழ்த்திவிட்டு, இரண்டு பெடல்களையும் சமமட்டத்தில் நிறுத்தி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி நிற்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் உயரப் படியிலிருந்து சைக்கிளோடு இறங்குகிறார். கால்களை விறைப்பாக வைத்திருந்தால், டயரும் மற்றவையும் நசுங்கும் 3 சென்டிமீட்டருக்குள் உடல் நின்றாக வேண்டும். அப்போது உடலைத் தாக்கும் சராசரி விசை அவருடைய எடையைப்போல் 11 மடங்கு. அதே 30 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கால்கள் மடங்கிக் கொடுத்தால் விசை 2 மடங்குதான். எடையை உயரத்தால் பெருக்கி நிற்கும் தூரத்தால் வகுத்து, அதோடு ஒரு மடங்கு எடையைக் கூட்டினால் இது கிடைக்கும். நீங்களே சரிபார்க்கலாம்.

இன்றைய மலைச் சைக்கிளின் வரலாறே இதற்குச் சாட்சி. 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில் இளைஞர்கள் சிலர் சுமார் 400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் மண்பாதையில் போட்டி நடத்தினார்கள். அவர்களிடம் இருந்தவை பல பத்தாண்டுகள் பழைய, கனமான, பருத்த டயர் கொண்ட சைக்கிள்கள். ஒருமுறை இறங்கினால் பின்சக்கர பிரேக்கிலுள்ள மசகு உருகிப் புகைந்துவிடும், மறுபடியும் நிரப்ப வேண்டும். "மறுபடி நிரப்பு" என்ற பொருளில் அந்தப் பாதைக்கு ரீபேக் என்றே பெயர் வந்தது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் அதிர்வுதாங்கும் முன்கவை 1989இல்தான் வந்தது. அதுவரை அவர்களுக்கு இருந்த அதிர்வுதாங்கிகள் காற்றடைத்த பருத்த டயரும் சொந்தக் கைகால்களும்தாம். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து இரட்டை அதிர்வுதாங்கி வைத்த சைக்கிள் வாங்கினால்தான் செஸ்ட்நட் பாதைக்கே போகலாம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

டயரைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஜான் பாய்ட் டன்லப் 1888ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதே, கெட்டி ரப்பர் சக்கரத்தில் தடதடத்த தன் மகனின் முச்சக்கர வண்டிக்காகச் செய்த முயற்சியிலிருந்துதான். நம்மில் பலர் டயரைக் கல்போல் அடித்து வைத்துக்கொண்டு அந்தக் கெட்டி ரப்பர் காலத்துக்கே திரும்பிப் போகிறோம். பின்சக்கரத்தில் 400 நியூட்டன் எடை விழுவதாக வைத்துக்கொண்டால், 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 14.5 சதுர சென்டிமீட்டர். 20 பிஎஸ்ஐயில் அது இரட்டிப்பாகும். பிடிமானம் கூடும், சிறு கற்களின் தட்டல் கைக்கு வருவதும் குறையும். அதற்காக அளவுக்கு மீறிக் குறைத்துவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் இருங்கள். மீறினால் கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவில் டியூப் சிக்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

"கஷ்டப்படுவதுதானே விளையாட்டு? எல்லாம் சுகமாக இருந்தால் உறுதி எப்படி வரும்?" என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் அலட்சியமாக ஒதுக்க மாட்டேன். மேட்டின் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா என்று மனம் கெஞ்சும்போது தொடர்ந்து மிதிப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. ஆனால் அந்தக் கஷ்டம் நுரையீரலுக்கும் தொடைக்கும் உரியது. நசுங்கிய நரம்புக்கு மன உறுதி தெரியாது. மரத்துப்போதல் ஓட்டத்தை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் நீடித்தால், அல்லது ஒவ்வொரு முறையும் வந்தால், வீட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். அந்தரங்கமான இடம் என்பதற்காக இதை மறைக்கும் மாணவர்கள் உண்டு. அம்மா அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இந்தப் பக்கத்தை மடித்து அவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

சைக்கிளைச் சரிசெய்யும்போது ஆய்வுக்கூடத்தில் செய்வதையே செய்யுங்கள்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். உயரத்தையும் சாய்வையும் காற்றழுத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது. ஒரு சிறிய குறிப்பேட்டில் தேதி, மாற்றிய அளவு, எத்தனையாவது நிமிடத்தில் எங்கே வலித்தது என்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே பாதையில் இரண்டு மூன்று ஓட்டமாவது கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று சில விநாடிகள் இரத்தம் ஓட விடுங்கள்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் உங்கள் உட்கால் அளவை எழுதும்போது பக்கத்தில் மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஒருமுறை அளந்தால் போதும், உங்களுக்குப் போதாது. ஜனவரிக்கும் ஜூன் விடுமுறைக்கும் இடையில் கால் 2 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தால், இருக்கையும் அதேயளவு தாழ்ந்துபோயிருக்கும். சைக்கிளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். முழங்காலின் முன்புறம் மட்டும் புதிதாக வலிக்கும்.